சுள்ளியை ஆளாக்கியவர்

"நன்றி சொல்லப்போறான்! எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க!" என்று கோச் அதட்டினார். அந்தக் கூடத்தில் அவரைத் தவிர வேறு யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

டிவியில் சுள்ளி வியர்வை வழிய மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அரையிறுதியில் இரண்டு கோலும் அவனுடையவை. சிறு பையனாக உள்ளூர் கால்பந்து கிளப்புக்கு வந்த அன்று அவன் கால்களைப் பார்த்துவிட்டு கோச் வைத்த பட்டப்பெயர் அது. இப்போது அவன் பெரிய கிளப்பில் ஆடுகிறான், நாடே அவனைச் சுள்ளி என்றுதான் கூப்பிடுகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டோடு சரி.

கூடத்தில் கோச்சின் மனைவி, கிளப்பின் செயலாளராக இருக்கும் அவள் தம்பி, கிளப் வேன் டிரைவர், பையன்களின் அப்பாக்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கேக். அதன்மேல் 'ஆளாக்கிய கோச்சுக்கு நன்றி' என்று கிரீமில் எழுதியிருந்தது. அந்தக் கேக்குக்கு ஆர்டர் கொடுத்ததும் கோச்தான் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும்.

"முதல்ல எங்க அம்மாவுக்கு நன்றி," என்றான் சுள்ளி.

"சொல்லணும்," என்று கோச் தலையாட்டினார். "பெத்தவங்களுக்கு அப்புறந்தான் மத்தவங்க."

"எங்க அப்பாவுக்கு."

"அதுவும் சரிதான்." கோச் எழுந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அப்புறம் எங்க மேனேஜருக்கு. என்னை ஆளாக்கினதே அவர்தான்."

கோச்சின் தலையாட்டல் பாதியில் நின்றது. சுள்ளியோ நிறுத்தவில்லை. பிசியோதெரபிஸ்டுக்கு நன்றி சொன்னான். டாக்டருக்குச் சொன்னான். ஜெர்சி துவைத்துப் போடுகிற அண்ணனுக்கும் சொன்னான். அதோடு சலவைத்தூள் விளம்பரம் வந்துவிட்டது.

"விளம்பரம் முடிஞ்சதும் சொல்வான்," என்றாள் மனைவி.

விளம்பரம் முடிந்ததும், அந்தப் பெரிய கிளப்பில் பயிற்சி கொடுக்கும் மேனேஜர் வந்தார். கோட்டும் மஃப்ளருமாக இருந்தார். "எங்கிட்ட வரும்போது அவன் சும்மா ஓடத் தெரிஞ்ச பையன். ஒரே சீசன்ல நான் அவனை ஆட்டக்காரனா மாத்தினேன்," என்று ரொம்ப அடக்கமாகச் சொன்னார்.

கோச் டிவியை அணைத்தார். கேக்கைப் பார்த்துவிடக் கூடாதே என்று எல்லோரும் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ கேக்கை வெட்டிடலாமா சார்?" என்று கேட்டார் டிரைவர்.

"எதுக்குய்யா வெட்டணும்? துணி துவைக்கிறவருக்கு அனுப்பி வை! அவர்தானே ஆளாக்கினாரு!"

"அவன் பதட்டத்துல விட்டிருப்பான்," என்றாள் மனைவி. "சின்னப் பையன்தானே."

"ஜெர்சி துவைக்கிறவர் ஞாபகம் வருது, என் ஞாபகம் வரலையா? எல்லாம் நான் போட்ட அடித்தளம். சும்மா ஓடத் தெரிஞ்ச பையனாம்! ஓடக்கூடத் தெரியாது அவனுக்கு! நான்தான் சொல்லிக் குடுத்தேன்!"

"அவன்கிட்ட இருந்துச்சுங்க. நீங்க பார்த்தீங்க, அவ்ளோதான்."

"பார்த்தேனா? நீ கடையில கண்ணு டெஸ்ட் பண்ற மாதிரி சும்மா பார்த்துட்டு வந்துட்டேன்னு நினைச்சியா?"

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். "நான் பார்த்துட்டுச் சும்மா வர்றதில்லை, கண்ணாடி போட்டுத்தான் அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்ட ஆரம்பித்தாள். 'நன்றி' என்கிற துண்டு டிரைவருக்குப் போனது.

உள்ளதைச் சொல்லவேண்டும். கோச்சின் கோபத்தில் நியாயம் இருந்தது. வலது காலை மட்டுமே நம்பியிருந்த சுள்ளியை, அந்தக் காலில் பூட்ஸ் போடவிடாமல் ஒரு மழைக்காலம் முழுக்க இடது காலால் ஆட வைத்தவர் அவர். பயல் அழுதான், அவன் அம்மா வந்து சண்டை போட்டாள், கோச் அசையவில்லை. இன்றைக்கு அடித்த இரண்டு கோலும் இடது கால் கோல். வலித்தது அவருக்கு. நன்றாகவே வலித்தது. வலித்தால் சும்மா இருக்கிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் பால்கனிக்குப் போனார். போனை எடுத்து வாட்ஸப்பில் சுள்ளியின் படத்தைத் தேடி, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"டேய் சுள்ளி! கோச் பேசறேன். உன் இடது காலைப் பேச வெச்சது யாருடா? நான் இல்லேன்னா நீ இன்னிக்கு எங்கயாவது சோஃபா கடையில மெத்தை தூக்கிட்டு இருப்ப! உன்கூட ஆடினானுங்களே மத்த பசங்க, அதுல ஒருத்தனாவது தேறினானா? எல்லாம் மரக்கட்டைங்க! அந்த மரக்கட்டைங்களுக்கு நடுவுலேருந்து உன்னைச் செதுக்கி எடுத்தவன் நான்! ஞாபகம் வெச்சுக்க!"

அனுப்பிவிட்டு, மனசு லேசாகி, கூடத்துக்கு வந்தார். அப்போது அங்கிருந்த போன்கள் ஒவ்வொன்றாக டிங் டிங் என்றன.

சுள்ளி பெரிய ஆளானதிலிருந்து கிளப்பின் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு அவன் படத்தைத்தான் முகப்பாக வைத்திருந்தார்கள். வைக்கச் சொன்னவரே கோச்தான். சற்று நேரத்தில் அவருடைய குரல் நான்கு போன்களிலிருந்து, ஒன்றுக்கொன்று அரை வார்த்தை தள்ளி, கூடம் முழுக்க முழங்கியது. "மரக்கட்டைங்க" என்பது மட்டும் நான்கு முறை தனித்தனியாகக் கேட்டது.

அப்பாக்களில் ஒருவர் எழுந்து நின்றார். அவருக்குச் சோஃபா கடை இருக்கிறது.

"கோச் சார், என் பையன் சின்ன வயசுலேருந்து உங்ககிட்டதான் இருக்கான். இன்னிக்கும் பெஞ்சுலதான் உக்காந்திருக்கான். அவன் ஏன் சார் சுள்ளி ஆகலை?"

"அது... ஆட்டம்ங்கறது காலோட வரணும் சார். உங்க பையனுக்குக் கால் அந்த மாதிரி அமையல."

"சுள்ளி கோல் போட்டா உங்க பயிற்சி. என் பையன் கோல் போடலேன்னா அவன் காலு. இது எந்த ஊர் நியாயம்?"

"கால் இல்லாம நான் என்ன சார் பண்ண முடியும்?"

"கால் இருந்தா நீங்க எதுக்கு சார்?" என்றார் சோஃபாக்காரர். கையிலிருந்த கேக் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். மற்ற அப்பாக்களும் பின்னாலேயே போனார்கள். அவர்கள் தட்டு காலியான பிறகுதான் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மைதானத்துக்குச் செயலாளர் வந்தான். அக்காள் கணவரைக் கண்டித்துப் பேசும் தைரியம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை, அதனால் கோல்போஸ்ட்டைப் பார்த்துப் பேசினான்.

"மாமா, பெத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. ஃபைனல் மேட்ச் முடிஞ்சதும் கமிட்டி கூடுது. வேற கோச் போடணுமாம். சர்டிபிகேட் வாங்கின ஆளாம்."

"சுள்ளியை ஆளாக்கின எனக்கு எதுக்குடா சர்டிபிகேட்?"

"அதான் மாமா வில்லங்கம். ஆளாக்கினேன்னு நீங்க மட்டும்தான் சொல்றீங்க. அக்காகூடச் சொல்ல மாட்டேங்குது. வெளியாள் ஒருத்தர் சொல்லட்டும். நம்ம கிளப்புக்குச் சம்பந்தமில்லாத ஆளு, எல்லார் காதுலயும் விழற மாதிரி, இவராலதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

கோச் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டார். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தினமும் சாயங்காலம் அந்த விசில் அவர் கழுத்தில் இருக்கிறது. அது இல்லாத ஒரு சாயங்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தார். பயமாக இருந்தது. பயம் வந்தால் குரலை உயர்த்துவது அவர் வழக்கம்.

"ஒருத்தர் என்னடா, ஊரே சொல்லும்! சாட்சி இருக்கு எங்கிட்ட!"

அன்று சாயங்காலமே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரை மைதானத்து ஓரத்தில் நிறுத்திவைத்தார். வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"இவர் எனக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. கேளுங்க. ஏம்ப்பா, சுள்ளி முதல்ல என்னவா ஆடிட்டு இருந்தான்?"

"கோல்கீப்பரா சார்."

"அவனை ஃபார்வர்டா மாத்தினது யாரு? பயப்படாம சொல்லு."

டிரைவர் பயப்படாமல் சொன்னார். "நான்தான் சார்."

"என்னது?"

"வெளியூர் மேட்சுக்குப் போனோமே சார். வழியில பெட்ரோல் பங்க்ல நிறுத்தினோம். ஃபார்வர்டு ஆடுற பையன் பாத்ரூம் போயிருக்கான், நான் தலையை எண்ணாம வண்டியை எடுத்துட்டேன். அங்க போய்ப் பார்த்தா ஃபார்வர்டைக் காணோம். அப்புறந்தானே நீங்க சுள்ளியை முன்னாடி தள்ளுனீங்க? நான் மட்டும் அன்னிக்கு ஒழுங்கா எண்ணியிருந்தா, சுள்ளி இன்னிக்கும் கோல்போஸ்ட்லதான் நின்னுட்டு இருப்பான்."

"தள்ளினது யாருய்யா? நான்! முடிவு என்னோடது!"

"வேற ஆளே இல்லையே சார்."

பெற்றோர் மத்தியில் சிரிப்பு எழுந்தது. சோஃபாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பங்க்ல விட்டுட்டுப் போனீங்களே, அந்தப் பையன் யாரு?"

டிரைவர் கோச்சைப் பார்த்தார். கோச் புல்லைப் பார்த்தார்.

"என் பையனா? வயித்துவலின்னு பாதி வழியில பஸ் ஏறி வந்துட்டேன்னு எங்கிட்ட சொன்னானே, அந்த மேட்சா?"

"நாங்கதான் அப்படிச் சொல்லச் சொன்னோம்," என்றார் டிரைவர். பயப்படாமல் சொல்லத் தொடங்கியவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"அப்போ என் பையனைத் தொலைச்சுத்தான் சுள்ளியைக் கண்டுபிடிச்சிருக்கீங்க!" சோஃபாக்காரரின் குரல் மைதானத்தின் மறுகோடிவரை கேட்டது. "என் பையன் பாத்ரூம் போகலேன்னா இன்னிக்கு டிவியில நிக்கறது அவன்!"

அன்றிலிருந்து டிரைவரை யாரும் டிரைவர் என்று கூப்பிடவில்லை. டீக்கடையில், பெட்ரோல் பங்கில், "சுள்ளியை ஃபார்வர்டு ஆக்கினவர் வர்றார்" என்று நாற்காலி போட்டார்கள். அவரும் உட்கார்ந்தார்.

கோச் தளரவில்லை. சுள்ளியின் அம்மாவுக்குப் போன் போட்டார். பெற்ற தாய் சொன்னால் கமிட்டி கேட்டுத்தானே ஆகவேண்டும்?

"இடது காலா?" என்றாள் அந்த அம்மா. "நீங்க எங்க சார் அப்போ வந்தீங்க? அவன் என் வயித்துக்குள்ள இருக்கும்போதே இடது காலாலதான் உதைப்பான். டாக்டரம்மாவே சொன்னாங்க, பிள்ளை ஒரு பக்கமாவே உதைக்குதுன்னு. நீங்க அவனை மழையில நிக்க வெச்சு ஜுரம் வர வெச்சீங்க, அதை வேணும்னா வந்து சொல்றேன்."

கோச் போனை வைத்தார்.

"அவனுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"கேட்டு வாங்குறது ஒரு நன்றியா? எனக்கு மானம் ரோஷம் இருக்கு."

மானம் ரோஷம் உள்ளவர் மறுநாள் காலையில் டிவி சேனலுக்குப் போன் போட்டார். விளையாட்டுப் பிரிவில் எடுத்த பெண்ணிடம் தாம் யார் என்பதையும், நாட்டில் உண்மையின் நிலைமை எப்படி இருக்கிறது என்பதையும், மழைக்காலத்துப் பூட்ஸ் விவகாரத்தையும் விளக்கினார். அந்தப் பெண் கடைசியில், "பார்க்கறோம் சார், ஆள் இருந்தா அனுப்பி வைக்கறோம்," என்றாள். கோச் வீட்டு விலாசத்தை மூன்று முறை சொன்னார்.

ஃபைனலுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. லேப்டாப் பையோடு ஒரு பெண்ணும், கேமராவும் ஸ்டாண்டுமாக ஓர் உயரமான இளைஞனும் இறங்கினார்கள்.

"சுள்ளியோட பழைய கோச் வீடு இதுதானே சார்? அவர் ஆட்டத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

"வாங்க, வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டே இருக்கேன்!"

"எங்களையா?" அந்தப் பெண் இளைஞனைப் பார்த்தாள். "சார், நாங்க எங்கேருந்து வர்றோம்னா..."

"எல்லாம் தெரியும்மா. போன்லதான் எல்லாம் பேசியாச்சே. உள்ள வாங்க, வெயில்ல நின்னுக்கிட்டு!"

"இல்ல சார், முதல்லயே சொல்லிடறது நல்லது, நாங்க வந்து..."

"டீயா காபியா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடினாள், டீ என்றாள். கோச் உள்ளே ஓடி டை கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் டை கட்டியதை மனைவி அன்றுதான் பார்த்தாள்.

கோச் தம்முடைய இளமைப் பருவத்திலிருந்து ஆரம்பித்தார். முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்ட கட்டம் வந்தபோது அந்தப் பெண் மெல்லக் குறுக்கிட்டாள்.

"சார், சுள்ளி பந்தோட ஓடும்போது எந்தப் பக்கம் அதிகமாத் திரும்புவாரு?"

கோச்சுக்குப் புல்லரித்தது. "இதுதாம்மா கேள்வி! பேப்பர்காரங்க வந்தா அவன் என்ன ஷாம்பு போடறான்னு கேக்கறானுங்க. பந்தைப் பத்திக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். எழுதிக்கோங்க!"

அவள் எழுதிக்கொண்டாள். கோச் உட்கார்ந்து சொன்னார், எழுந்து சொன்னார், சோஃபாவை நகர்த்திவிட்டுக் கூடத்தில் ஆடிக் காட்டினார். இடம் போதவில்லை. மூவரும் மைதானத்துக்குப் போனார்கள். இளைஞனைக் கோல்போஸ்ட்டில் நிறுத்திவிட்டுச் சுள்ளி பெனால்டி அடிப்பது எப்படி என்று கோச் அடித்துக் காட்டினார். எங்கே பார்ப்பான், எங்கே அடிப்பான், அடிப்பதற்கு முன்னால் இடுப்பை என்ன செய்வான், எல்லாம் காட்டினார். கேமரா அவர் முகத்தைவிடக் கால்களையே அதிகம் எடுத்தது. விஷயம் தெரிந்தவர்கள் என்று கோச் சந்தோஷப்பட்டார்.

"அவருக்குக் கோபம் வந்தா ஆட்டம் கெட்டுப்போகுமா சார்?"

"நல்லா கேட்டீங்க! எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. கோபம் வந்தா அவன் புலி. அவனைச் சிரிக்க வெச்சுட்டா போச்சு, பந்து எங்க இருக்குன்னே தெரியாது. அதனாலதான் நான் அவனைச் சிரிக்கவே விட்டதில்லை. வருஷக்கணக்கா திட்டிக்கிட்டே இருந்தேன். அதெல்லாம் ஒரு டெக்னிக்மா!"

"இதெல்லாம் இப்போ இருக்கற மேனேஜருக்குத் தெரியுமா?"

"அந்த மஃப்ளருக்கா? அவருக்கு என்ன தெரியும்? தயாரா இருந்ததை வாங்கிட்டுப் போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டவரு. இந்த விஷயமெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதிக்கோங்க, எனக்கு மட்டும்தான்."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, கோச்சின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"சார், முகஸ்துதிக்குச் சொல்லல. அவரை உங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க யாருமே இருக்க முடியாது."

கோச்சின் கண் கலங்கிவிட்டது. அவர் இவ்வளவு காலமாக யார் வாயிலிருந்தாவது கேட்கத் துடித்த வார்த்தை அது. டை நுனியால் துடைத்துக்கொண்டார். கடைசியில், "இது எப்போம்மா வரும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஃபைனல் அன்னிக்கே தெரிஞ்சுடும் சார்," என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதும் கோச் டையைக் கழற்றவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணு விடல. யாரு ஆளாக்கினதுன்னு இனிமே ஊர் உலகத்துக்கே தெரியப்போகுது, பாரு."

ஃபைனல் அன்று கிளப் ஹாலில் பெரிய திரை கட்டச் சொன்னார். கமிட்டியை முன்வரிசையில் உட்கார வைத்தார். வரமாட்டேன் என்ற சோஃபாக்காரரை வீட்டுக்கே போய் அழைத்துவந்தார்.

"வெளியாள் வாயால வரணும்னு சொன்னீங்கல்ல? இன்னிக்கு டிவியிலயே வருது. காதைத் தீட்டி வெச்சுக்கோங்க."

ஆட்டத்துக்கு முன் நிகழ்ச்சி வந்தது. சுள்ளியின் அம்மா வந்தாள், வயிற்றில் உதைத்த கதையைச் சொன்னாள். மேனேஜர் வந்தார். ஜெர்சி துவைக்கிற அண்ணன்கூட வந்தார். கோச் வரவில்லை.

"இடைவேளையில போடுவாங்க," என்றார் கோச்.

ஆட்டம் தொடங்கியது. சுள்ளி சரியாக ஆடவில்லை. அவனைத் தடுக்க நின்ற முரட்டு ஆள் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். சுள்ளி பல்லைக் காட்டிக்கொண்டே பந்தைக் கோட்டைவிட்டான்.

"ஃபைனல்ல என்னடா இளிப்பு?" கோச் கொதித்தார். "பார்த்தீங்களா? இதான் அந்த மஃப்ளர் குடுக்கற லட்சணம்! எங்கிட்ட இருந்தவரைக்கும் மைதானத்துல அவன் பல்லை நான் பார்த்ததே இல்லை!"

இடைவேளையில் சலவைத்தூளும் சோப்பும் வந்தன. கோச் வரவில்லை. சோஃபாக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் தன் மாமாவைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டான்.

இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. முடிகிற நேரத்தில் சுள்ளியின் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஹாலே எழுந்து நின்றது. சுள்ளி அடித்தான். எதிரணி கோல்கீப்பர் ஏதோ தனக்காகவே அனுப்பிவைத்த பார்சல்போல பந்தை அணைத்து வாங்கிக்கொண்டான். அதோடு ஆட்டம் முடிந்தது, கோப்பையும் போயிற்று.

எழுந்து நின்ற ஹால் உட்கார்ந்தது. டிரைவர் மட்டும் மெதுவாகச் சொன்னார். "நான் ஃபார்வர்டு ஆக்கினேன்னு சொன்னது சும்மா தமாசுக்குத்தாங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் பின்கதவு வழியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். கோச் நாற்காலிமேல் ஏறினார்.

"இப்போ சொல்லுங்க! இப்போ சொல்லுங்க யாரு ஆளாக்கினதுன்னு! நான் அனுப்பும்போது எப்படி இருந்தான், இன்னிக்கு எப்படி ஆடினான்! இத்தனை வருஷம் நான் கட்டினதை ஒரே சீசன்ல இடிச்சுட்டானே அந்தப் படுபாவி! ஜெயிச்சப்போ முன்னாடி வந்து பேசினாரே, இப்போ எங்க காணோம்? வளர்த்தது நான், கெடுத்தது அவரு. உங்களுக்குச் சர்டிபிகேட் வெச்சிருக்கற ஆள் வேணுமா? அவர்கிட்ட ஏழெட்டு சர்டிபிகேட் இருக்கு, போய்க் கூட்டிட்டு வாங்க! விசில் இந்தாங்க!"

விசிலைக் கழற்றி நீட்டினார். யாரும் வாங்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் தலையைச் சொறிந்தார். இன்னொருவர், "அவர் சொல்றதும் வாஸ்தவந்தான்," என்றார்.

"இவர் திட்டிக்கிட்டே இருப்பாரு. ஆனா பையன் சிரிச்சதில்லை," என்றார் மூன்றாமவர்.

எல்லோரும் சோஃபாக்காரரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "மேனேஜர் கெடுத்துட்டான். அதுல சந்தேகமில்லை. இவர் இருந்திருந்தா அந்த பெனால்டி இப்படிப் போயிருக்காது."

செயலாளருக்கு உயிர் வந்தது. "அப்போ கோச்சை மாத்த வேண்டாம்னு எழுதிக்கலாமா?" என்று பேனாவைத் திறந்தான்.

கோச்சின் மனைவிக்கே அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் நாற்காலிமேல் விசிலோடு நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது, ஒருவேளை இவர் சொன்னதெல்லாம் உண்மைதானோ என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

"கொஞ்சம் இருடா, எழுதாதே," என்றார் கோச். வெற்றி கைக்கு வந்த பிறகு அதை இன்னும் கொஞ்சம் நேரம் ருசித்துப் பார்க்க அவருக்கு ஆசை. "இன்னும் டிவியில நம்ம விஷயம் வரல. அந்தப் பொண்ணு வாக்குக் குடுத்திருக்கு. வெளியாள் வாயால வந்தப்புறம் எழுது. யாருப்பா அங்க, சத்தத்தைக் கூட்டி வை!"

டிரைவர் சத்தத்தைக் கூட்டினார். திரையில் எதிரணிக் கோல்கீப்பர் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். இந்த வெற்றிக்கு யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள் என்று மைக் நீட்டியவர் கேட்டார்.

"சுள்ளியோட பழைய கோச்சுக்குத்தான்!" என்றான் அவன். "வீடு தேடிப் போன எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கும் டீ குடுத்து, டை கட்டிக்கிட்டு, மைதானத்துக்கே கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் ஆடிக் காட்டியிருக்காரு. அந்த மனுஷன் இல்லேன்னா எங்களுக்கு இந்தக் கோப்பையே இல்லை!"